மாப்பிள்ளையைக் கேலி செய்ய ஆள் தேவை

போன வாரம் ஒரு காலை நேரம். அண்ணன் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே முழுக்க வாழைத்தார். கோழிக்கூடு, ஏத்தன், செந்துளுவன்... ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தோட்டத்தையே வழித்து ஏற்றிக்கொண்டு வந்தாற்போல.

டிரைவர் இறங்கி, "எங்கன எறக்கட்டும்?" என்று கேட்கிறார்.

"யாருக்குண்ணே கல்யாணம்?" என்றேன் நான்.

"கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. மாப்பிள்ளை ஆசைப்பட்டுட்டாவ" என்றார் அண்ணன். அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

ஆசைப்பட்ட மாப்பிள்ளை பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பேயறைந்த மாதிரி.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து ஒரு கோழிக்கூடு பழத்தை உரித்து வாயில் போட்ட மாப்பிள்ளை, "இப்படிப் பழம் இருந்தா நான் ஒரு தோட்டமே சாப்பிடுவேன் மாமா" என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் நானும் இதைக் கேட்டால் என்ன செய்வோம்? சிரிப்போம். அண்ணன் சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

மாப்பிள்ளை யாரென்று சொல்லவில்லையே! அண்ணனுக்கு ஒரே மகள், பியூலா. பிரான்சில் லியோன் என்கிற ஊரில் வேலை. கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். பெயர் மத்தியூ. போனில் பெயரைச் சொன்னதும், "மத்தேயுவா? வேதத்துல உள்ள பேருதான்" என்று அண்ணன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பையனுக்குக் கோயில் குளம் எதிலும் பெரிய ஈடுபாடு கிடையாது என்பது பிறகுதான் தெரியும். அதற்குள் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க அவர் மத்தேயு ஆகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மதினி — பியூலாவின் அம்மா — தவறிப்போனாள். அதனால் இங்கே வைத்துக் கல்யாணம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இந்த வீட்டு வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அப்படியென்றால் அண்ணனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கல்யாணச் சாப்பாடு, மறுவீடு, தலை தீபாவளிக்குப் பதில் தலைக் கிறிஸ்துமஸ்... செய்யாமல் விட்டது அத்தனையையும் ஒரே லீவில் செய்து முடித்துவிட வேண்டும் என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றார்.

வாழைத்தார் மூன்றாவது சம்பவம். வந்த புதிதில் தெருவில் ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்த மாப்பிள்ளை, அதைத் தூக்கிக் கொஞ்சி, "இதை லியோனுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். அண்ணன் மறுநாளே கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டார். ஆட்டுக்குட்டிக்கு விசா உண்டா, ஊசி எத்தனை போட வேண்டும், பிளேனில் மடியில் வைத்துக்கொள்ள விடுவார்களா... டாக்டர் சின்ன வயசுக்காரர். சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் அனுப்பிவைத்திருக்கிறார்.

அப்புறம் ஒரு நாள் வெயில் தாங்காமல், "நான் ஃப்ரிட்ஜுக்குள்ள தூங்குறேன்" என்றார் மாப்பிள்ளை. சாயங்காலம் சுவரில் ஓட்டை போட்டு ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாழைத்தாரோடு மாப்பிள்ளை வாயை மூடிவிட்டார். நன்றி மாமா, போதும் மாமா, நல்லாருக்கு மாமா. அவ்வளவுதான் பேச்சு. வாயைத் திறந்தால் அடுத்து யானை வந்து நின்றுவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். எங்கள் அண்ணனை நம்ப முடியாது.

அண்ணனுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. "ஏட்டி, மாப்பிள்ளை மொகமே சரியில்லையே... எதுல கொறை வச்சோம்?" என்று என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்குமாக நடக்கிறார். நான்கு வீடுதான் இடைவெளி. அந்த நான்கு வீட்டுக்காரர்களும் என்னைப் பிடித்து, "ஒங்க அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன?" என்று விசாரிக்கிறார்கள்.

பியூலா என்னிடம் வந்து ஒரு குண்டைப் போட்டாள். "அத்தை, அப்பாட்ட சொல்லிராதீய. அடுத்த தடவ வந்தா ஹோட்டல்ல தங்கிக்கிடலாமான்னு கேக்காரு. நம்மளால மாமாவுக்கு எவ்வளவு தொந்தரவுன்னு சொல்லுதாரு. கோவம்லாம் இல்ல அத்தை... பாவமா கேக்காரு."

அம்மா இல்லாத வீடு. அதையும் விட்டுவிட்டு, சொந்த ஊரில் ஹோட்டலில் ரூம் போட்டுத் தங்கி, அப்பாவை வந்து பார்த்துவிட்டுப் போகிற மகள்... கேட்கவே சகிக்கவில்லை.

இந்த இடத்தில் என் பிரெஞ்சுப் படிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதீர்கள். சம்பந்தி அம்மாவோடு வீடியோவில் பேசும்போது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. அதனால் போனில் ஒரு செயலியை இறக்கி, சில மாதமாகப் படித்துவருகிறேன். ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது, பூனை பால் குடிக்கிறது என்பதை எல்லாம் என்னால் பிரெஞ்சில் சொல்ல முடியும். சம்பந்தி அம்மாவிடம் சொல்வதற்கு அந்தப் பூனைதான் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க மாட்டேன் என்கிறது.

மத்தேயுவுக்கு மத்தியான நேரம் போவது கஷ்டம். அண்ணன் தூங்குவார், பியூலா லேப்டாப்பில் உட்கார்ந்துவிடுவாள். அதனால் என் வீட்டுக்கு வந்து என் உச்சரிப்பைத் திருத்துவார். பியூலா புண்ணியத்தில் அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். வராத இடத்தில் இங்கிலீஷ். அதுவும் தீர்ந்தால் கை.

அன்றைக்கு நான், "சிரிப்பதற்கு உங்கள் பாஷையில் 'ரீர்'. சரியா?" என்று பெருமையடித்தேன்.

"சரி அத்தை. ஆனா... வீட்டுல நாங்க 'ரிகோலே' சொல்லுவோம்."

ரிகோலே. முதல் எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். உப்புத் தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிப்போமே, அந்தச் சத்தம். நான் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்ததில் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "ஏளா, வெந்நி வைக்கட்டா?" என்று குரல் கொடுத்தார்.

"ரீருக்கும் ரிகோலேவுக்கும் என்ன வித்தியாசம்?"

மத்தேயு யோசித்தார். "ரீர் தனியா செய்யலாம். டிவி பாத்து, புக் பாத்து. ரிகோலேக்கு ஆள் வேணும். நம்ம ஆள். சிரிக்கிறதும் அதுதான், கேலி பண்றதும் அதுதான், எல்லாரும் சேந்து ஜாலியா இருக்கிறதும் அதுதான். விளையாட்டுக்கு ஒண்ணு சொல்லிட்டு, 'ஜ ரிகோல்'ன்னு சொன்னா..."

"சும்மா சொன்னேன்?"

"ஆமா! சும்மா சொன்னேன்!" முகம் மலர்ந்துவிட்டது பிள்ளைக்கு. உடனே விரலை மடக்க ஆரம்பித்தார். "ஆடு — ஜ ரிகோல். ஃப்ரிட்ஜ் — ஜ ரிகோல். வாழைப்பழம்... ஐயோ அத்தை, வாழைப்பழம் ரொம்ப ரொம்ப ஜ ரிகோல்!"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அவரும் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கும்போது அந்தச் சிரிப்பு பாதிக்கு மேல் வடிந்திருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கலாமா? தினம் சாயங்காலம் மாமாவும் அங்கிளும் சண்டை போடுறாங்களே..."

அங்கிள் என்றால் என் வீட்டுக்காரர். சண்டையா? அவர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சண்டைதான். என் வீட்டுக்காரர் காபி நேரத்துக்கு அண்ணன் வீட்டுப் படியேறுவார். அண்ணன் ஆரம்பிப்பார்: "வாரும் வே மாப்ளே! ஓசிக் காப்பின்னா ஒமக்கு மட்டும் எங்கிருந்துவே மூக்கு வேர்க்கி?" இவர் விடுவாரா? "இது காப்பியா வே? இதுக்குத் தாமிரவருணியில ஒரு முங்கு போட்டு நாலு வாய் குடிச்சிட்டு வந்துருவேன்." அப்படியே பற்றிக்கொள்ளும். குலம், கோத்திரம், சொட்டைத் தலை, தொப்பை, அண்ணன் பத்தாம் கிளாஸில் எடுத்த கணக்கு மார்க் வரைக்கும் சந்திக்கு வரும். என்னைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இதேதான். ஒருநாள் இவர் போகாவிட்டால் அண்ணன் தானே தேடிக்கொண்டு வந்துவிடுவார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"முதல்ல நான் பயந்துட்டேன் அத்தை. சொத்துத் தகராறான்னு பியூலாட்ட கேட்டேன். அவ சொன்னா, அது பிரியம்னு. உங்க ஊர்ல ரொம்பப் பிரியமானவங்களைத்தான் கேலி பண்ணுவாங்கன்னு."

"ஆமா. அதுக்கென்ன?"

என் போனில் பாடத்துக்கு வந்திருந்த அந்தப் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். "அப்போ என்னை ஏன் யாருமே கேலி பண்ணல?"

அடி மனசில் சுருக்கென்று தைத்தது. கப்பல் நிறைய மரியாதையை அந்தப் பிள்ளையின் தலையில் இறக்கியிருக்கிறோம். அவர் கேட்பதோ ஒரு நக்கல். ஒரே ஒரு நக்கல்!

நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமா? கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி, குசும்பு, எகத்தாளம்... பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ரிகோலேவை வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். நம்மிடம் ஒரு கடையே இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் சரக்கை எடுக்கலாம். மாமன், மச்சான், மதினி, கொழுந்தன், கொழுந்தியாள் — இவர்களுக்கு லைசென்ஸ் உண்டு. மாமனார், மாமியாருக்குக் கிடையாது. மாப்பிள்ளையைக் கேலி செய்வது மச்சினன் வேலை. வந்து இறங்கின அன்றே, "அத்தான், இது என்ன மூக்கா, முக்கூடல் பாலமா?" என்று ஒருவன் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

பியூலாவுக்குத்தான் கூடப்பிறந்தவன் கிடையாதே! பெரியம்மா பையன்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவன் துபாயில், ஒருவன் ஆஸ்திரேலியாவில். என் மகன் இருக்கிறானே என்றால், அவன் பியூலாவுக்கு முறை அத்தான். அவன் போய் அவள் புருஷனைக் கேலி செய்தால் ஊர் அதற்குக் கையும் காலும் வைத்துவிடும். நான்? மதினி போன பிறகு மாமியார் நாற்காலி என்னிடம்தான் இருக்கிறது. மாமியார் மருமகனை நக்கலடிப்பதா? ஆண்டவரே! என் வீட்டுக்காரரும் அந்தக் கணக்கில் மாமனார்தான். ஆக, அவ்வளவு பெரிய வீட்டில் அந்தப் பிள்ளையைக் கேலி செய்ய முறையுள்ள ஒரு ஆத்மா இல்லை.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க மாப்பிள்ளையைக் கேலி பண்ணணும்."

துண்டு கையிலேயே நின்றுவிட்டது. "என்னட்டி ஒளறுதே? மருமவனைப் போயா? நாலு பேர் காறித் துப்பமாட்டானா?"

எங்கள் அண்ணன் யார் தெரியுமா? விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் அவர் ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து சிரித்துக்கொண்டிருப்பார். வாயில் அவ்வளவு குசும்பு. அந்த மனிதர்தான், மாப்பிள்ளைக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியாரிடம் மாட்டிய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பியூலா சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

"மரியாதை மரியாதைன்னு நீங்க பண்ணுத கூத்துல, அடுத்த தடவ ஹோட்டல்ல தங்கலாமான்னு கேக்காவளாம். வச்சுக்கோங்க ஒங்க மரியாதைய!"

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒனக்குத் தெரியாதுட்டி" என்றார் பிறகு. "ஒத்தப் பிள்ள. கடல் தாண்டிக் கெடக்கா. அவ அம்மை இருந்தா, அம்மையப் பாக்கவாவது ஓடி வருவா. இப்ப இங்கன என்ன இருக்கு? நானும் டிவியும். அவுகளுக்கு இந்த வீடு புடிச்சாத்தான வருசத்துக்கு ஒருக்க என் பிள்ள மொகத்த நான் பாக்க முடியும்? நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இராம ஒண்ணச் சொல்லி, அவுக மொகம் சுண்டிப் போச்சுன்னா... பொறவு போன்லதாம் பாக்கணும். அதாம் பயந்து பயந்து செய்யுதேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, விருந்தாளி திரும்பி வரமாட்டான். வீட்டு ஆளுதான் வருவான்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை தோசை. நானும் இருந்தேன். அண்ணன் தொண்டையைச் செருமினார். எனக்குப் பகீரென்றது. ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று முகமே சொல்லிற்று.

"மாப்பிள்ளை... நீங்க தோசை சாப்பிடுத வேகத்தப் பாத்தா... ஆமையே பரவால்ல போலுக்கே!"

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் வசனம் ஒப்பித்த மாதிரி இருந்தால் எப்படிச் சிரிக்க? மத்தேயு தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், அண்ணன் வெலவெலத்துப் போனார். "தப்பா எடுத்துக்கிடாதீய மாப்பிள்ளை! சும்மா வெளாட்டுக்கு... நீங்க பைய சாப்பிடுங்க. பைய சாப்பிட்டாதான் ஒடம்புக்கு நல்லது. டாக்டரே சொல்லுதான்!"

மத்தேயு, "சாரி மாமா" என்று சொல்லி மிச்சத் தோசையை அவசர அவசரமாக விழுங்கினார். விக்கல் எடுத்தது. பியூலா தண்ணீரோடு ஓடினாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளைச்சலில் ஒரு பங்கை ஆண்டவருக்குப் படைக்கிற நாள். இப்போது டவுன்காரர்களில் யாருக்கு வயல் இருக்கிறது? ஆனாலும் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவோம். பூசணிக்காய், தேங்காய், சேவல், வீட்டில் செய்த கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

அந்த ஏலத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ஒருத்தர் ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் கையைத் தூக்கினால், அவருடைய மச்சான் சும்மா இருக்க மாட்டார். வேண்டுமென்றே ஏற்றிவிடுவார். இவர் முறைப்பார், அவர் இன்னும் ஏற்றுவார். ஒரு எலுமிச்சம்பழம் ஆட்டு விலைக்குப் போகும். பணம் சபைக்கு, சிரிப்பு எல்லாருக்கும்.

"நீங்களும் ஏதாவது படையுங்களேன்" என்று பியூலா சொன்னதில் மத்தேயுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தெருவுக்கெல்லாம் கொடுத்தும் தீராத வாழைப்பழம் இருக்கிறதே! மதினியின் பழைய கேக் ஓவனை இறக்கித் துடைத்து, பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி, மாவைத் தட்டி அடுக்கி, அவர் ஊர்ப் பலகாரம் ஒன்று செய்தார். 'தார்த்' என்று பெயராம். வாழைத்தாரில் செய்தால் வேறென்ன பெயர் வரும்? ஓவனுக்கு வயசாகிவிட்டதா, மாவு கோபித்துக்கொண்டதா, தெரியவில்லை. மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேஜையில் வைத்தபோது ணங்கென்று சத்தம் வந்தது.

ஏலம் போடுவது எங்கள் சபையின் செல்லத்துரை அண்ணாச்சி. மைக் தேவையில்லாத தொண்டை. பூசணிக்காய் போனது, சேவல் போனது, கூட்டம் கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. அடுத்து அந்தத் தட்டைத் தூக்கினார். "அடுத்தது... நம்ம மாப்பிள்ளை தன் கையாலயே செஞ்சது!"

சட்டென்று ஒரு அமைதி. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கையைத் தூக்கி மரியாதையாக ஒரு விலை சொன்னார். இன்னொருத்தர் அதைவிட மரியாதையாக இன்னொன்று சொன்னார். சாவு வீட்டில் துஷ்டி விசாரிப்பதுபோல அவ்வளவு அடக்கம். ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை.

மத்தேயு ஜன்னலோரமாக நின்றார். உதட்டில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். அதைப் பார்க்க முடியாமல் பியூலா குனிந்து புடவை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. பழைய ஷிப்ட் பஸ் குரல்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்."

அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இதுகூட சுத்தியலும் உண்டுமா வே? இல்ல... சுத்தியல் தனி ஏலமா?"

கூட்டத்துக்கு மூச்சே நின்றுவிட்டது. மாமனார்! மாப்பிள்ளையை! கோயிலில் வைத்து! எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மத்தேயு பியூலாவைப் பார்த்தார். அவள் எழுந்து போய் அவர் காதில் அதற்கு அர்த்தம் சொன்னாள். அண்ணன் அசையவில்லை. ஆனால் முன்பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

மத்தேயுவின் முகம் கழுத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. சுத்தியல்... சுத்தியல்... என்று அவர் உதடு ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி, சபை முழுக்கக் கேட்கும்படி, தமிழில் கேட்டார்.

"மாமா, பல் இருக்கா?"

கூரை பறந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குப் பல் செட் என்பது சபைக்கே தெரியும். செல்லத்துரை அண்ணாச்சி தட்டை மேஜையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். போதகர் பாவம், அங்கியின் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றார். சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் ஒரு விலையைச் சொன்னார். ஜன்னலோரத்திலிருந்து, "நான் எடுக்கேன்!" என்று மாப்பிள்ளை அதற்கு மேலே சொன்னார். தான் செய்த பலகாரத்தைத் தானே! அண்ணன் ஏற்றினார். அவரும் ஏற்றினார். இதற்குத்தான் காத்திருந்ததுபோல என் வீட்டுக்காரர் வேறு உள்ளே புகுந்து, "பல்லு இல்லாதவனுக்கு எதுக்குவே பலகாரம்?" என்று இன்னும் ஏற்றிவிட்டார்.

கடைசியில் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஏலே, விடுலே! ஒம் மாமன்கிட்ட அம்புட்டுதாம்லே இருக்கு!"

பியூலா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. "அத்தை... கேட்டியளா? அப்பா அவர 'லே'ங்காங்க."

கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? எங்கள் ஊரில் மாப்பிள்ளையை யாரும் 'லே' சொல்ல மாட்டார்கள். பெற்ற மகனைச் சொல்வார்கள். அவள் அழுதாள். நானும்தான் அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் ஆண்டவரின் கிருபையை நினைத்து அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் தப்பில்லை.

அதற்கு மேல் யாரும் ஏற்றவில்லை, தார்த் அண்ணனுக்கே போனது. வீட்டுக்கு வந்து, காபியில் ஊறவைத்து ஊறவைத்து, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார். "நல்லாத்தாம்லே இருக்கு. ஒரு நாள் ஊறணும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நானும் யோசித்துப் பார்த்தேன். மரியாதை எவ்வளவு தூரம் ஒரு ஆளைக் கூட்டிவரும்? முன்னறை வரைக்கும். அங்கே நல்ல நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அது போய்விடும். அடுப்படி வரைக்கும் கூட்டிப்போக ரிகோலேதான் வர வேண்டும்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டில் இட்லி. நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். மத்தேயுவின் தட்டு காலி. வழக்கமாக என்றால் அண்ணன் இட்லிப் பானையோடு ஓடி வந்திருப்பார். அன்றைக்குப் பேப்பரைக்கூடத் தாழ்த்தவில்லை.

"அங்கன அடுப்பு மேல இருக்கு. எந்திச்சுப் போயி எடுத்துக்கலே. அப்படியே எனக்கும் ரெண்டு கொண்டா."

மத்தேயு சிரித்துக்கொண்டே எழுந்து போனார். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பியூலா, அடுத்த வருடம் லீவு எப்போது கிடைக்கும் என்று போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹோட்டல் பேச்சே வரவில்லை. அண்ணன் பேப்பருக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என் தட்டில் இட்லி வைக்க யாருமே எழுந்திருக்கவில்லை. வீட்டு ஆளுக்கு யார் எழுந்து வந்து வைப்பார்கள்?